சுமை வண்டியின் டயர்: ஹப்சிகுடா சாலை வழியே ஒரு வரலாறு

சுமை இழுக்கும் வண்டியின் சக்கரம் தேய்ந்தால் அதன் ஓரத்தை மாற்றிக் கட்டுவது, ரப்பர் இந்தியாவைத் தொடுவதற்கு வெகுகாலம் முன்பே நடந்துவந்த தொழில். கட்டை வண்டிக்கு அந்த ஓரம் இரும்புப் பட்டை. கொல்லர் அதைச் சக்கரத்தின் சுற்றளவைவிடச் சற்றுக் குறைவாக வளைத்து ஒட்டுவார். வறட்டியை அடுக்கித் தீ மூட்டிப் பட்டையைப் பழுக்கக் காய்ச்சுவார். சூட்டில் விரிந்த பட்டையைக் குறடால் பிடித்து மரச் சக்கரத்தின் மேல் இறக்கி, மரம் கருகுவதற்குள் தண்ணீர் ஊற்றுவார்கள். குளிர்ந்த இரும்பு சுருங்கி, ஆரங்களையும் வட்டையையும் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். கோடையில் மரம் உலர்ந்து சுருங்கும்போது பட்டை தளரும். மழையில் மரம் ஊதி மீண்டும் இறுகும். வெயிலும் மழையும் சக்கரத்தை என்ன செய்கின்றன என்ற கணக்கு அன்றைக்கே வண்டிக்காரருக்குத் தெரிந்திருந்தது.

இந்தக் கணக்கைத் தொடர்ந்து பார்க்க ஏற்ற இடங்களில் ஒன்று ஹைதராபாத்தின் கிழக்கே செல்லும் வரங்கல் சாலை. செகந்திராபாத்திலிருந்து தார்நாகா, ஹப்சிகுடா, உப்பல், கட்கேசர், புவனகிரி என்று போகும் இந்தச் சாலை நீண்ட காலம் தேசிய நெடுஞ்சாலை 202 என்ற எண்ணைத் தாங்கியது, இப்போது 163. ஹப்சிகுடா என்ற பெயர் ஹப்சிகளிடமிருந்து, அதாவது ஆப்பிரிக்காவிலிருந்து வந்து நிஜாம்களின் படையில் பணியாற்றியவர்களிடமிருந்து வந்தது என்பது ஊரில் வழங்கும் விளக்கம். 1961இல் தொடங்கப்பட்ட தேசியப் புவி இயற்பியல் ஆராய்ச்சி நிறுவனம் இந்தச் சாலையில்தான் உள்ளது. உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மையமும் இங்கேயே. ஹப்சிகுடா நாற்சந்தியிலிருந்து வடக்கே திரும்பினால் நாச்சாரம் தொழிற்பேட்டை. அதற்கும் அப்பால் மௌலா அலியும் சர்லப்பள்ளியும். தொழிற்பேட்டைச் சரக்கு, காய்கறி, கட்டுமானக் கம்பி, தண்ணீர் என்று எதை ஏற்றினாலும் பிக்கப் வண்டிகள் இந்தச் சந்தியைக் கடக்கின்றன. 2017 நவம்பரில் திறக்கப்பட்ட மெட்ரோவின் தூண்கள் இன்று சாலையின் நடுவே நிற்கின்றன.

அந்தக் கணக்குக்குத் திரும்பினால், கட்டை வண்டியின் இரும்புப் பட்டை அகலம் குறைந்தது. வண்டியின் முழுச் சுமையும் இரண்டு மெல்லிய கோடுகளின் மேல் அழுத்தும். சரளையைக் கொட்டி, தண்ணீர் தெளித்து, உருளையால் அழுத்திப் போட்ட பழைய மெக்காடம் சாலையை அது கத்திபோல் அறுத்தது. மோட்டார் வண்டி வந்தபின் கெடுதல் இரட்டிப்பானது: வேகமாகச் சுழலும் ரப்பர்ச் சக்கரம் சாலையின் தூளை உறிஞ்சி எடுத்தது, இரும்புப் பட்டை எஞ்சிய கல்லை நொறுக்கியது. சாலை மேம்பாட்டை ஆராய 1927இல் அமைந்த ஜெயகர் குழுவும், 1934இல் உருவான இந்தியச் சாலைக் காங்கிரசும் எதிர்கொண்ட முதல் தலைவலிகளில் இதுவும் ஒன்று. சாலையை வண்டிக்கேற்ப மாற்றுவதா, சக்கரத்தைச் சாலைக்கேற்ப மாற்றுவதா என்ற கேள்விக்குக் கிடைத்த பதில்களில் மிக எளியது காற்றடைத்த டயரை மாட்டு வண்டிக்கே பூட்டுவது. தமிழ்நாட்டுக் கிராமங்களில் கட்டை வண்டியிலிருந்து பிரித்துக் காட்ட ‘டயர் வண்டி’ என்ற பெயரே பிறந்தது. அதே மாடுகள் அதிலே கூடுதல் பாரத்தை இழுத்தன.

ஆனால் இந்தியாவில் ரப்பர்ச் சக்கரம் சுமை இழுத்த கதை காற்றடைத்த டயருக்கும் முந்தியது. அதிகம் பேசப்படாத அந்தக் கதை 1870களின் பஞ்சாபில் நடந்தது. ராபர்ட் வில்லியம் தாம்சன் என்ற ஸ்காட்லாந்துப் பொறியாளர் 1845இலேயே காற்றடைத்த சக்கரத்துக்குக் காப்புரிமை பெற்றவர். அது அன்று யாருக்கும் பயன்படவில்லை. பின்னர் அவர் தடித்த திட ரப்பர் வளையம் மாட்டிய நீராவிச் சாலை இழுவை வண்டிகளைச் செய்தார். இந்தியாவில் பணியாற்றிய ஆர். ஈ. பி. கிராம்ப்டன் என்ற இளம் படை அதிகாரி, பிற்காலத்தில் மின்விளக்குத் தொழிலில் பெயர் பெற்றவர், அந்த வண்டிகளைக் கொண்டு கிராண்ட் டிரங்க் சாலையில் அரசுச் சரக்கை இழுக்கத் திட்டம் வகுத்தார். கவர்னர் ஜெனரல் மேயோ பிரபு அதை ஆதரித்தார். இங்கிலாந்தின் இப்சுவிச் நகரில் கட்டப்பட்ட இழுவை வண்டிகளுக்குப் பஞ்சாப் ஆறுகளின் பெயர்களே வைக்கப்பட்டன: செனாப், ராவி. 1871இல் ராவி இப்சுவிச்சிலிருந்து எடின்பரோவுக்குச் சாலை வழியே ஓடித் திரும்பிச் சோதனையை முடித்துக்கொண்டு, பின் கப்பலேறியது.

அந்த வண்டியின் சக்கரத்தில் இன்றைய பிரச்சினைகள் அனைத்தும் கருவிலேயே இருந்தன. இரும்புச் சக்கரம் கல்லில் வழுக்கியது, ரப்பர் பிடித்தது. சாலையின் அதிர்ச்சி இயந்திரத்தை எட்டாமல் ரப்பர் தாங்கியது. ஆனால் சரளை ரப்பரைக் கிழிக்காமலிருக்க அதன் மேல் எஃகுத் தகடுகளைச் சங்கிலிபோல் கோத்துப் போர்த்த வேண்டியிருந்தது. பின்னே கோத்த வண்டிகளின் பாரம் ஏற ஏற ரப்பர் நசுங்கி நசுங்கி நிமிர்ந்தது; ஒவ்வொரு நசுக்கலும் உள்ளே சூடாக மாறியது. ராவல்பிண்டிப் பக்கம் அந்த நீராவித் தொடர் ஓடியும் காட்டியது. ஆனால் ரயில் பாதை நெருங்கி வர, விலையுயர்ந்த ரப்பர்ச் சக்கரத்தால் அதனுடன் போட்டியிட முடியவில்லை. சுமை இழுக்கும் சக்கரத்தின் எதிரி சாலையல்ல, உள்ளே பிறக்கும் சூடு என்பது அப்போதே தெரிந்திருக்க வேண்டிய செய்தி. அதைத் தொழில் ஒப்புக்கொள்ள இன்னும் நூறாண்டுக்கு மேல் ஆனது.

1888இல் பெல்பாஸ்டில் ஜான் பாய்டு டன்லப் காற்றடைத்த டயரை மீண்டும் கண்டுபிடித்தார். மிதிவண்டிக்குப் பின் மோட்டார் வண்டி வந்தது. ரப்பர் தேவை பெருகியது. அமேசான் காட்டிலிருந்து 1876இல் ஹென்றி விக்காம் எடுத்துச் சென்ற விதைகள் லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்தன. அந்த நாற்றுகள் அதே ஆண்டு இலங்கையின் ஹெனரத்கொட தோட்டத்துக்கு வந்தன. அங்கிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் மலாயா ரப்பர் நாடானது. கேரளத்தின் தட்டேக்காட்டில் 1902இல் வணிகத் தோட்டம் தொடங்கியது. உலகின் டயர்களுக்கு வேண்டிய பாலில் கணிசமான பங்கை அடுத்த நாற்பது ஆண்டுகள் மலாயாவில் வெட்டி எடுத்தவர்கள் தமிழர்கள். தஞ்சை, திருச்சி, சேலம், வட ஆர்க்காடு மாவட்டங்களிலிருந்து கங்காணிகள் வழியே கப்பலேறியவர்கள், விடியுமுன் பால்மரக் காட்டுக்குள் விளக்கோடு போய்க் கோடு வெட்டி, வெயில் ஏறுமுன் பாலை வாளியில் ஊற்றிவந்தார்கள். டெட்ராய்ட்டில் ஓடிய வண்டியின் சக்கரத்தில் அவர்கள் உழைப்பு இருந்தது. டயரின் வரலாற்றை எழுதும் நூல்கள் தொழிற்சாலையில் தொடங்குவது வழக்கம். அது பால்மரத்தடியில் தொடங்குவதே நியாயம்.

ஹைதராபாத்தில் ரப்பர்ச் சக்கரம் பொதுப் போக்குவரத்தாக வந்தது 1932இல். நிஜாம் அரசு ரயில்வேயை 1930இல் தன் கைக்கு எடுத்துக்கொண்ட அரசு, பேருந்துகள் ரயிலின் வருமானத்தைப் பறிக்காதிருக்கும் பொருட்டு ரயில்வேக்குள்ளேயே ஒரு சாலைப் போக்குவரத்துத் துறையைத் தொடங்கியது. ஜூன் மாதத்தில் 27 பேருந்துகளும் 166 ஊழியர்களும் அதன் தொடக்கக் கணக்கு. ஸ்காட்லாந்தில் செய்த ஆல்பியன் வண்டிகள் பெயர் பெற்றன. இந்தத் துறையின் வழித்தோன்றலே 1958 ஜனவரியில் உருவான ஆந்திரப் பிரதேச மாநிலச் சாலைப் போக்குவரத்துக் கழகம். தெலங்கானா பிரிந்தபின் அது இரண்டானது. ஊழியர்களுக்கான ஆர்டிசி மருத்துவமனை ஹப்சிகுடாவை ஒட்டிய தார்நாகாவிலேயே இருக்கிறது. ஒரே அளவு டயரை ஆயிரக்கணக்கில் வாங்கி, ஒவ்வொன்றும் எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று பதிவேட்டில் எழுதி, தேய்ந்ததை மறுபடி கட்டி ஓட்டும் பழக்கம் இத்தகைய கழகங்களின் பணிமனைகளில்தான் ஒழுங்கு பெற்றது.

தெற்கே மதுரையில் டி. வி. சுந்தரம் ஐயங்கார் 1911இல் தொடங்கிய நிறுவனத்தின் பேருந்துகளுக்குக் காளைகளின் லாட ஆணிகளே பெருந்தொல்லை. சாலையில் உதிர்ந்த ஆணிகள் டியூபைத் துளைத்தன. காந்தம் பொருத்திய வண்டியைப் பேருந்துக்கு முன்னே அனுப்பி ஆணிகளைப் பொறுக்கினார் என்று அவரைப் பற்றிச் சொல்லப்படுகிறது. ‘ஸ்டெப்னி’ என்ற சொல் தமிழில் குடியேறியதும் அந்தக் காலத்தில்தான். வேல்ஸ் நாட்டின் லனெத்லி ஊரில் ஸ்டெப்னி தெருவில் 1904 முதல் மாற்றுச் சக்கரம் விற்ற நிறுவனத்தின் பெயர் அது. பிரிட்டனில் அந்தச் சொல் மறைந்துபோனது. இந்தியாவிலும் இலங்கையிலும் இன்றும் ஓட்டுநர் வாயில் புழங்குகிறது.

1936இல் டன்லப் வங்காளத்தின் சாகாகஞ்சில் இந்தியாவின் முதல் பெரிய டயர் தொழிற்சாலையைத் திறந்தது. ஆறாண்டுகளுக்குள் போர் எல்லாவற்றையும் புரட்டியது. 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் வீழ்ந்தது. மலாயாவின் ரப்பர் நேச நாடுகளுக்கு இல்லாமல் போனது. இலங்கைத் தோட்டங்களில் மரத்தின் ஆயுளைப் பாராமல் பால் வெட்டினார்கள். டயர் ராணுவத்துக்கு முதலில், பின்பு பேருந்துக்கு, கடைசியில் தனியாருக்கு என்று பங்கீடானது. பெட்ரோலும் கிடைக்காததால் சுந்தரம் ஐயங்காரின் டி.வி.எஸ். நிறுவனம் கரியிலிருந்து எரிவாயு எடுக்கும் கருவியைச் செய்து விற்றது. புது டயர் கிடையாது. இருக்கும் டயரின் உடம்பைக் காப்பாற்றியவரே வண்டி ஓட்டினார். இந்தியச் சாலைத் தொழிலின் மிகப் பெரிய பழக்கமான டயர் மறுகட்டு இந்தப் பஞ்சத்தில்தான் ஆழ வேரூன்றியது.

தமிழ்நாட்டு லாரிக்காரர்கள் இதை ‘ரீபட்டன்’ என்பார்கள். டயரின் மேல்முகத்தில் உள்ள மேடுகள் பட்டன். அவை தேய்ந்தால் மொட்டை. மொட்டையான டயரை எந்திரத்தில் சுற்றவிட்டு மேல்முகத்தைச் சொரசொரப்பாகச் சீவுவார்கள். உள்ளே நூல் அறுந்திருக்கிறதா, ஆணி ஏறிய இடத்தில் நீர் புகுந்திருக்கிறதா என்று கையால் தடவிப் பார்ப்பார்கள். ரப்பர்ப் பசை தடவி, புதிய ரப்பர்ப் பட்டையைச் சுற்றி, அச்சுக்குள் வைத்து வேகவைத்தால் புதுப் பட்டன் எழும். பிற்காலத்தில் பட்டனை முன்கூட்டியே வேகவைத்து, குறைந்த சூட்டில் டயரோடு ஒட்டும் முறை வந்தது. பழைய டயரின் நூல்களுக்குச் சூட்டுக் காயம் குறைந்தது. இதற்கான எந்திரங்களைக் கோயம்புத்தூரின் எல்ஜி குழுமம் செய்து நாடெங்கும் அனுப்பியது. மறுகட்டில் உயிர் இருப்பது மேல்முகத்தில் அல்ல, உடம்பில். காற்றுக் குறைவாக ஓடிய டயரின் உடம்பு சூட்டில் வெந்து உள்ளே பிரிந்திருக்கும், அதன் மேல் எத்தனை அழகான பட்டனைக் கட்டினாலும் பாதி வழியில் உரிந்துவிடும். ரீபட்டன் டயரை முன் சக்கரத்தில் போடக் கூடாது என்ற லாரிக்காரர்களின் கட்டுப்பாடு இந்த அனுபவத்தில் பிறந்தது.

சென்னையின் எம்.ஆர்.எஃப். வளர்ந்த பாதையும் இதுவே. கே. எம். மாம்மன் மாப்பிள்ளை 1946இல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் குழந்தைகளுக்கான பலூன் செய்யத் தொடங்கினார். 1952இல் மறுகட்டுக்கான ரப்பர்ப் பட்டையில் இறங்கினார். சில ஆண்டுகளில் வெளிநாட்டு நிறுவனங்களை முந்தி அந்தச் சந்தையில் பாதியைப் பிடித்தார். அதன் பின்தான், 1961இல், அமெரிக்காவின் மான்ஸ்பீல்டு நிறுவனத்தின் ஒத்துழைப்போடு முதல் டயர் வெளிவந்தது. பழையதைச் சீர்செய்து கற்றவர் புதியதைச் செய்தார் என்பது இந்தியத் தொழில் வரலாற்றில் மதிப்போடு சொல்லத் தக்கது. டன்லப் 1959இல் அம்பத்தூருக்கு வந்தது. குட்இயர் பல்லப்கரில் தொழிற்சாலை எழுப்பியது. பம்பாயில் ஃபயர்ஸ்டோனும் சியட்டும் இருந்தன.

உரிமமும் கட்டுப்பாடும் ஆண்ட அந்த முப்பது ஆண்டுகளில் டயரைத் ‘தேர்ந்தெடுப்பது’ என்ற பேச்சுக்கே இடம் குறைவு. வில்லிஸ் வழி வந்த மகேந்திரா ஜீப்புக்கு 6.00-16, அம்பாசடருக்கு 5.90-15, லாரிக்கு 9.00-20 அல்லது 10.00-20. கிடைக்கும் கம்பெனியின் கிடைக்கும் டயரை வாங்கிப் பூட்ட வேண்டியதுதான். பட்டன் வகை இரண்டே: நேர்க்கோடு ஓடும் ‘ரிப்’ முன் சக்கரத்துக்கு, குறுக்கே கட்டை கட்டையாக இருக்கும் ‘லக்’ பின் சக்கரத்துக்கு. திருப்பும் சக்கரத்துக்குத் தடம் மாறாமை, இழுக்கும் சக்கரத்துக்குப் பிடிப்பு என்ற இந்தப் பிரிவினை எளிமையானது, சரியானது. அந்த ஆண்டுகளின் உண்மையான மாற்றம் கண்ணுக்குத் தெரியாத நூலில் நடந்தது. பருத்தி போய் ரேயான் வந்தது, 1973இல் எம்.ஆர்.எஃப். நைலான் டயரைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. நைலான் அதிக பாரத்தையும் பள்ளத்தின் அடியையும் தாங்கியது. பர்மிட் அளவுக்கு மேல் சுமை ஏற்றுவது அன்றாடப் பழக்கமாக இருந்த நாட்டில் அது வேகமாகப் பரவியதில் வியப்பில்லை. பழைய அளவுகளில் ‘பிளை’ என்பது துணி அடுக்குகளின் உண்மையான எண்ணிக்கை. நூல் வலுவானபின் 8 பிளை, 10 பிளை என்பவை அந்த அளவு வலுவுக்கு ஈடு என்ற மதிப்பீடாக மட்டும் நின்றன. கடைக்காரரும் வாங்குபவரும் இன்றும் அதை அடுக்காகவே எண்ணிக்கொள்கிறார்கள்.

பிக்கப் வண்டியின் காலம் 1980களில் தொடங்கியது. ஜப்பானிய ஒத்துழைப்போடு நான்கு சிறு சரக்கு வண்டிகள் ஒரே அலையில் வந்தன: டிசிஎம் டொயோட்டா, சுவராஜ் மாஸ்டா, ஐச்சர் மிட்சுபிஷி, நான்காவதாக ஹைதராபாத்தின் சொந்த ஆல்வின் நிசான். குளிர்பெட்டியும் கைக்கடிகாரமும் செய்த ஹைதராபாத் ஆல்வின் என்ற பொதுத்துறை நிறுவனம் நகருக்கு மேற்கே ஜகீராபாத்தில் அந்த வண்டியைச் செய்தது. பின்னர் அது மகேந்திராவின் கைக்குப் போனது. டாடா 407 1986இல் வந்தது. டாடாவின் பிக்கப் 1988இல். எம்.ஆர்.எஃப். இதே காலத்தில் மேடக் பகுதியின் சதாசிவபேட்டைப் பக்கம் தொழிற்சாலை அமைத்தது. 2005இல் வந்த டாடா ஏஸ், தமிழ்நாட்டில் ‘குட்டி யானை’ என்று பெயர் பெற்றது, 12 அங்குலச் சக்கரத்தில் முக்கால் டன் ஏற்றியது. சக்கரம் சிறுத்தது, வேகம் கூடியது, பாரம் குறையவில்லை. சிறிய டயர் அதே தூரத்துக்கு அதிகமுறை சுழல வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் நசுங்கி நிமிர வேண்டும். லாரிக்கு இருந்த சூட்டுப் பிரச்சினை காரளவு டயருக்குள் வந்து சேர்ந்தது.

ரேடியல் டயர் இதற்கு ஒரு விடை. மிஷலின் நிறுவனம் 1946இல் காப்புரிமை பெற்ற இந்த அமைப்பில் உடம்பு நூல்கள் குறுக்குநெடுக்காக ஒன்றையொன்று உரசாமல், ஓரத்திலிருந்து ஓரத்துக்கு நேராகப் போகும். மேல்முகத்தின் கீழே எஃகுக் கம்பிப் பட்டை கட்டப்படும். உரசல் குறைவதால் சூடு குறையும், டீசலும் மிச்சம். இந்தியாவில் ஜே.கே. டயர் 1977இல் ரேடியலைத் தொடங்கியது. கார்கள் முழுக்க மாறியபின்னும் சரக்கு வண்டிகள் பல ஆண்டு தயங்கின. மெல்லிய பக்கச் சுவர் கல்லில் கிழியும் என்ற அச்சம், மிகைச்சுமை, மறுகட்டுக்காரருக்குப் புது எந்திரம் வேண்டிய செலவு எல்லாம் சேர்ந்த தயக்கம் அது. நான்கு வழிச் சாலைகள் வந்து வேகம் கூடியபின் பலர் மாறினார்கள். திருச்செங்கோட்டிலிருந்து கிளம்பித் தெலங்கானாவின் கருங்கல்லில் ஆழ்துளைக் கிணறு போட வரும் ரிக் லாரிகளைப் போல, பாதி நெடுஞ்சாலையிலும் பாதி வயல்வெளியிலும் ஓடும் வண்டிகளுக்கு நைலான் டயரின் முரட்டுத்தனம் இன்னும் தேவைப்படுகிறது. அதைப் பிற்போக்கு என்று சொல்ல முடியாது.

‘எல்லாப் பருவத்துக்குமான டயர்’ என்ற விற்பனைச் சொல் பிறந்தது வேறொரு தட்பவெப்பத்தில். அமெரிக்காவின் வடமாநிலங்களில் பனிக்காலத்துக்கு ஒரு தொகுதி, கோடைக்கு ஒரு தொகுதி என்று டயரை மாற்றுவது வழக்கம். 1977இல் குட்இயர் வெளியிட்ட டியம்போ இரண்டையும் ஒன்றாக்கியது. பக்கச் சுவரில் சேறும் பனியும் என்பதைக் குறிக்கும் ‘எம் பிளஸ் எஸ்’ முத்திரை பட்டன்களுக்கு இடையிலான இடைவெளியை மட்டுமே சொல்கிறது. அதற்குத் தனிச் சோதனை கிடையாது. சோதனையில் தேறியதைக் காட்டும் மூன்று சிகர மலைக் குறி 1999இல்தான் வந்தது. குளிர்காலக் கலவை ரப்பர் ஏறத்தாழ 7 டிகிரிக்குக் கீழே பயன்தரும் என்பது ஐரோப்பிய வழக்கு. ஹைதராபாத்தில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை 6.1 டிகிரி, அதுவும் 1946 ஜனவரி 8 அன்று. மிக அதிகம் 45.5 டிகிரி, 1966 ஜூன் 2 அன்று. ஒரே நாளில் பெய்த பெருமழை 2000 ஆகஸ்ட் 24இல் 241.5 மில்லிமீட்டர். இந்த ஊருக்குப் பருவம் என்றால் வெயிலும் மழையுமே. பனிக்காக மென்மையாக்கிய ரப்பர் மே மாதத் தார்ச்சாலையில் வீணாகத் தேயும். நீரைப் பிதுக்கித் தள்ளும் அகன்ற நேர்க்கால்வாய்களோ இங்கே கட்டாயம்.

சூடும் சுமையும் குறைந்த காற்றும் ஒன்றுசேர்ந்தால் நேர்வதை உலகம் 2000ஆம் ஆண்டில் பார்த்தது. அமெரிக்காவில் ஃபோர்டு எக்ஸ்புளோரர் வண்டிகளில் ஃபயர்ஸ்டோன் டயர்களின் மேல்முகம் ஓடும்போதே உரிந்து வண்டிகள் உருண்டன. இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். ஆகஸ்டில் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெறுவதாக அறிவிப்பு வந்தது. டெக்சாஸ், புளோரிடா, அரிசோனா, கலிபோர்னியா போன்ற வெயில் மாநிலங்களிலேயே விபத்துகள் குவிந்தன. டயரின் தயாரிப்புக் குறை, வண்டியின் வடிவம், பரிந்துரைத்த 26 பாயிண்ட் என்ற குறைந்த காற்றழுத்தம் ஆகியவை பற்றி இரு நிறுவனங்களும் மோதிக்கொண்டன. அதன் விளைவாக வந்த சட்டமே புதிய வண்டிகளில் காற்றழுத்தத்தைக் காட்டும் உணரிகளைக் கட்டாயமாக்கியது. தக்காணத்தின் வெயில் அரிசோனாவுக்குச் சளைத்ததல்ல. இந்தப் பாடம் இங்கே போதிய அளவு பேசப்படவில்லை.

பின்னே டிரெய்லர் கோத்த பிக்கப்பில் கணக்கு இன்னும் கடுமையானது. 1,500 கிலோ டிரெய்லரின் எடையில் பத்தில் ஒரு பங்கு முதல் ஏழில் ஒரு பங்கு வரை கொக்கியின் மேல் அமர வேண்டும். இல்லையேல் டிரெய்லர் வாலாட்டும். 200 கிலோ கொக்கியில் அமர்ந்தால் பின் அச்சில் ஏறுவது 200 கிலோ மட்டுமல்ல. கொக்கி பின் அச்சுக்கும் பின்னே இருப்பதால் நெம்புகோல் வேலை செய்கிறது. அச்சுகளுக்கு இடையே 3 மீட்டரும், பின் அச்சிலிருந்து கொக்கிக்கு 1.2 மீட்டரும் இருந்தால் பின் அச்சில் 280 கிலோ கூடும், முன் அச்சில் 80 கிலோ குறையும். ஆகவே பின் டயர் ஒவ்வொன்றுக்கும் 140 கிலோ கூடுதல் சுமை. முன் டயருக்குப் பிடிப்புக் குறைவு. தொட்டியில் ஏற்கெனவே சரக்கு இருந்தால் அதையும் சேர்க்க வேண்டும். பக்கச் சுவரில் உள்ள சுமை எண் இந்தக் கணக்குக்கானது: 100 என்றால் 800 கிலோ, 108 என்றால் 1,000, 112 என்றால் 1,120, 121 என்றால் 1,450. கார் வகை டயரைப் பிக்கப்பில் பூட்டினால் அதன் சுமைத் திறனை 1.1ஆல் வகுத்தே எண்ண வேண்டும் என்பது அமெரிக்க விதி. சிறு சரக்கு வண்டி என்பதைக் குறிக்கும் ‘எல்.டி.’ முத்திரை கொண்ட டயருக்கு அந்தக் கழிவு இல்லை. ஆனால் அதன் முழுத் திறனும் உயர்ந்த காற்றழுத்தத்தில்தான் கிடைக்கும். காருக்கு அடிக்கும் 32 பாயிண்டை அதில் அடித்தால் வலுவுக்குக் கொடுத்த பணம் வீண்.

இந்தியச் சட்டம் இதில் மெதுவாகவே வந்தது. 2009இல் பிறப்பித்த தரக்கட்டுப்பாட்டு ஆணை டயருக்கு இந்தியத் தர முத்திரையைக் கட்டாயமாக்கியது. பட்டனின் ஆழம் நான்கு சக்கர வண்டிக்கு 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்று மோட்டார் வாகன விதிகள் சொல்கின்றன. ஈரச்சாலைப் பிடிப்பு, உருளும் தடை, ஓசை ஆகியவற்றுக்கான அளவுகோல் புதிய வடிவங்களுக்கு 2022 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. விதியின் 1.6 மில்லிமீட்டர் வறண்ட சாலைக்குப் போதும். ஜூலை, ஆகஸ்ட் மழையில் டிரெய்லரோடு உப்பல் பக்கம் இறங்கும் வண்டிக்கு அது போதாது. பாரம் தள்ளும்போது நிறுத்தும் தூரம் நீள்கிறது.

ஹப்சிகுடாவிலோ சேலத்திலோ டிரெய்லர் கோத்த வண்டிக்கு டயர் மாற்றப் போகிறவர் முதலில் வண்டியின் கதவோரத் தகட்டில் உள்ள அளவையும் அச்சுச் சுமையையும் படிக்க வேண்டும். அதற்குக் குறையாத சுமை எண் கொண்ட, எல்.டி. முத்திரையுள்ள ரேடியலை, அகன்ற நேர்க்கால்வாய்ப் பட்டனோடு, பின் அச்சின் இரு பக்கமும் ஒரே வகையாக வாங்க வேண்டும். பக்கச் சுவரின் நான்கு இலக்க எண்ணில் முதல் இரண்டு வாரம், கடைசி இரண்டு ஆண்டு. 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்தது. கடையின் வெயில் படும் மூலையில் மூன்று நான்கு ஆண்டு கிடந்ததைத் தள்ளுபடிக்குக் கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும். காற்றை விடியற்காலையில், வண்டி ஓடுமுன், டயர் குளிர்ந்திருக்கும்போது பார்க்க வேண்டும். நண்பகலில் உப்பல் சாலையில் ஓடி வந்த டயரில் அளவு தானாகவே பல பாயிண்ட் ஏறியிருக்கும். அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிட்டால் மறுநாள் காலை டயர் குறைந்த காற்றில்தான் பாரம் இழுக்கக் கிளம்பும்.